ராஜையன் தூக்கிய கை

குலசேகரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த பிரவுசிங் சென்டருக்கு ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்த ஒரே ஆள் ராஜையன் மாமாதான். ரப்பர் விலை தரையில் கிடந்த 2014. பழம் எனக்கில்லை.

"சாருக்கு" என்றார்.

சார் கம்ப்யூட்டருக்குள் இருந்தார். பங்குச்சந்தை முதலீடு சொல்லித்தரும் இலவச ஆன்லைன் வகுப்பு. மாமா விடியலில் ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடித்து, குளித்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு பத்து மணிக்கு வருவார். பழத்தை மானிட்டர் தலையில் வைப்பார். சார் வணக்கம் சொன்னதும் எழுந்து நிற்பார்.

அவருக்கு ஒரே சந்தேகம். நூற்றிருபது ரப்பர் மரத்தையும் வெட்டித் தடியாக விற்று, அந்தக் காசை ஷேரில் போடலாமா? தடி வியாபாரி கோலப்பனிடம் அச்சாரம் வாங்கியாயிற்று. சனிக்கிழமை மரம் அறுக்க வாள் வரும். அதற்குள் கேட்டாக வேண்டும்.

"சந்தேகம் இருக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் சார். மாமா தூக்கினார். அந்தக் கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது.

"நல்ல கேள்வி, சுரேஷ்" என்றார் சார்.

"சுரேசு முந்திட்டான். அடுத்தது நானாக்கும்." மாமா கையை இறக்கவில்லை.

அது பதிவு செய்த வகுப்பு. எப்போது திறந்தாலும் 'நேரலை' என்று சிவப்பில் மினுங்கிவிட்டு முதலிலிருந்து ஓடும். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் பின்னால் போய் நின்றேன். "மாமா, ஃபேன் போடட்டா?" என்பதுதான் வாயில் வந்தது.

முக்கால் மணிக்கொரு தடவை கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். வந்ததும் மறுபடி திறந்து கொடுப்பேன். சார் வணக்கத்திலிருந்து தொடங்குவார். மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கண்டியா மக்கா! நமக்குக் கரண்டு போனதுக்கு அவரு ஆதிமுதல் தொடங்குதாரு. எனக்க பள்ளிக்கூடத்து சாரெல்லாம் பிந்தி வந்தா வெளிய நிறுத்துவாவ."

நாலு நாளும் அதே முதல் முக்கால் மணி நேரம். மூன்றாம் நாள் குனிந்து ரகசியம் போலச் சொன்னார்: "இந்தச் சுரேசுக்கு மண்டையில ஒண்ணுமில்ல. தெனமும் ஒரே கேள்விதான் கேக்கான். சாருக்கு என்னா பொறுமை!"

வியாழக்கிழமை அவர் மனைவி செசிலி அத்தை தேடி வந்துவிட்டாள்.

"மரத்த அறுக்கதுக்கு இந்தப் பெட்டிக்கிட்டயா உத்தரவு கேக்கிய?"

"ஏட்டி, செருப்ப வெளிய போடு. கிளாஸ் நடக்கு."

"இருவது வருசமா நான் சிரட்டை சிரட்டையா ஒட்டுப்பால் பெறக்குன மரமாக்கும். உங்க சாரு ஒரு நாள் ஒரு சிரட்டையத் தொட்டிருப்பாரா?" பிறகு திரையைப் பார்த்தாள். "சாரே, இந்த மனுசனுக்கு ஒரு நல்ல புத்தி சொல்லும்."

சார் சிரித்தார். அந்த இடத்தில் எப்போதுமே சிரிப்பார். கரண்ட் போயிற்று.

வெள்ளிக்கிழமை கரண்ட் போகவில்லை. நாற்பத்தாறாவது நிமிடம் சார் முதல் தடவையாகப் புதிதாக ஒன்று சொன்னார். மாமா நிமிர்ந்தார்.

"விற்காமலே மாசாமாசம் உங்களுக்கு வருமானம் தர்ற சொத்து ஏதாவது இருக்கா? இருக்கிறவங்க கையைத் தூக்குங்க."

மாமாவின் கை ஏற்கெனவே மேலேதான் இருந்தது.

"கை தூக்கினவங்களுக்கு இந்த வகுப்பு தேவையே இல்லை. வீட்டுக்குப் போகலாம். மத்தவங்க கட்டணம் செலுத்தி..."

மாமா மெல்லச் சுற்றிப் பார்த்தார். ரெயில்வே டிக்கெட் எடுக்க வந்த ஒருவர், பரீட்சை முடிவு பார்க்க வந்த இரண்டு பெண்கள். யாரும் கை தூக்கியிருக்கவில்லை.

"கண்டுட்டாரு" என்றார்.

சார் கட்டணத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போதே திரையைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவர் தோட்டத்துக்குப் போனேன். கோலப்பன் ஆட்களோடு நின்றிருந்தார். மாமா அச்சாரத்தை நீட்டினார்.

"என்ன ஓய் வெளையாட்டு? யாரு வேண்டாம்னது?"

"சாரு."

"எந்தச் சாரு?"

"சுரேச அங்கயே இருத்திக்கிட்டு, என்ன மட்டும் வீட்டுக்குப் போச் சொன்ன சாரு."

கோலப்பன் செசிலி அத்தையைப் பார்த்தார். அவள் சிரட்டைகளைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டே, "படிச்ச ஆளாக்கும்" என்றாள். "நானும் ஒரு வார்த்த சொல்லியிருந்தேன்."

சொல்ல வந்ததை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். மானிட்டர் மேல் மட்டிப்பழம் தோல் கறுத்து, நன்றாகப் பழுத்திருந்தது. சாருக்காக நான்தான் தின்றேன்.