துவேசம் முடிந்த நாட்டிலிருந்து வந்த அத்தான்

2009 கோடையில் என் அக்காவின் கணவர் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்தபோது, அந்த நாட்டில் இனத்துவேசம் முடிந்துவிட்டது என்ற செய்தியையும் கையோடு கொண்டுவந்தார். கறுப்பினத்தவர் ஒருவர் அதிபராகிவிட்டார், ஆகவே கதை முடிந்தது. ஹீத்ரோவிலிருந்து மோர்டனுக்கு வரும் வழி நெடுக, காரின் முன் ஆசனத்தில் இருந்தபடி என் கணவருக்கு இதை விளக்கிக்கொண்டே வந்தார். பின் ஆசனத்தில் அக்காவும் நானும், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவர்களின் ஒரே மகளும். மகள் காதுகளில் எதையோ செருகிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டாள். பாவம், பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன்.

அத்தான் எஞ்சினியர். இயந்திரத்தில் ஏறியிருந்து புல் வெட்டும் அளவுக்கு அவருக்கு அங்கே வளவு இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்பக்கத்துப் புல்லைப் பார்த்து, "உதைக் கத்திரிக்கோலாலை வெட்டுவீங்களோ?" என்று கேட்டார். நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எனக்குத் தொழில்.

அவர்கள் வந்தது குரோய்டனில் நடந்த எங்கள் மாமா மகனின் கலியாணத்துக்கு. அந்த வருடம் எங்களில் யாருக்கும் கலியாண முகம் இல்லை. மே மாதம் இலங்கையில் போர் முடிந்திருந்தது. போரை நிறுத்தச்சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்திய தொண்டைகள் இன்னும் ஆறவில்லை. மண்டபத்தில் ஒவ்வொரு மேசையிலும் செத்தவர்களின் கணக்கும் காணாமல் போனவர்களின் பெயர்களும்தான் பேச்சு. அதற்குள் அத்தான் எழுந்து நின்றார். கோட்டில் புதிய அதிபரின் முகம் போட்ட தேர்தல் பேட்ஜ். தேர்தல் முடிந்து இத்தனை மாதமாகியும் அவர் அதைக் கழற்றவில்லை.

"அந்தாளுக்கு எத்தினை ஈமெயில் போட்டிருக்கிறம் தெரியுமோ? அவருக்கு எங்கடை நோவு விளங்கும். அவரின்டை சனமும் மிதிபட்ட சனம்தானே."

"அப்ப ஏன் அண்ணை ஒண்டும் செய்யேல்லை?" என்று ஒருவர் கேட்டார்.

"பொறுங்கோ, இப்பத்தானே வந்தவர்."

மண்டபத்து வாசலில் கார்களை ஒழுங்குபடுத்தி விட்டவர் ஒரு ஆபிரிக்கர். உள்ளே வருமுன் அத்தான் என் கணவரின் காதுக்குள் கேட்டது இது: "உந்தக் கறுவலிட்டைக் காரை நம்பி விடலாமோ?" பேட்ஜ் குத்திய நெஞ்சிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது. கறுவல் என்பது எங்கள் ஆட்கள் புலம்பெயர்ந்த நாடெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு திரியும் சொல். சொல்லுகிறவர் அநேகமாக சொல்லப்படுகிறவரைவிட ஒரு பிடி கறுப்பாகவே இருப்பார். அத்தானும் அப்படித்தான். அக்காவின் கலியாணத்துக்கு அவருக்குப் பூசிய பவுடர் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த ஞாயிறு மதியம் அவர்களை டூட்டிங்குக்குக் கூட்டிப்போனோம்; அன்றும் அத்தானின் சட்டையில் அந்த பேட்ஜ். ஊர்க் கடைகளில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் வாங்கிக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் வந்தன. பேச்சு எப்படியோ ஜூன் மாதத்து ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலுக்குப் போனது. இந்த நாடு வெள்ளையருக்கு மட்டும்தான் என்கிற கட்சிக்கும் அதில் ஆசனங்கள் கிடைத்திருந்தன. முடிவு வந்த அன்று என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் என் தோளைத் தட்டி, "அவர்கள் உன்னைச் சொல்லவில்லை, கண்ணே, நீ வேலை செய்கிறாய்" என்று ஆறுதல் சொன்னாள். நான் அதை மேசையில் சொன்னதும் அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களே! உங்கடை நாடு பின்னுக்குப் போகுது. எங்கடை நாட்டிலை உதெல்லாம் முடிஞ்சுது."

இத்தனை நாளும் வாயே திறக்காத மகள் கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தாள்.

"அப்பா, டொக்டர் அங்கிளின்டை கதையைச் சொல்லுங்கோ."

"சாப்பிடு," என்றாள் அக்கா.

"அவர் சொல்லாட்டி நான் சொல்லுறன்."

ஆங்கிலமும் தமிழுமாக அவளே சொன்னாள். முந்தைய வருடம் அவர்கள் தெருவில், இரண்டு வீடு தள்ளி ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்தது. கணவர் ஆஸ்பத்திரியில் டொக்டர், மனைவி ஆசிரியை, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒக்டோபர் மாதம் ஒரு பின்னேரம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றிக்கொண்டு வந்த டொக்டர், சிக்கிக்கொண்ட தன் கராஜ் கதவை ஒரு இரும்புக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார். இரண்டு பொலிஸ் கார்கள் வந்தன. சொந்த வீட்டுப் புல்லில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கைகளைப் பின்னால் கட்டி விலங்கு போட்டார்கள். பிள்ளைகள் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. மனைவி வேலையிலிருந்து ஓடி வந்து, இது எங்கள் வீடு என்று கத்திய பிறகுதான் விலங்கைக் கழற்றினார்கள்.

"ஆரோ பொலிசுக்குக் கோல் பண்ணியிருக்கினம்," என்றார் அத்தான், கறிக்குள் கையை வைத்தபடி.

"ஆரோ இல்லையப்பா, நீங்கள். நான் படியிலை நிண்டனான். ஒரு கறுப்பு ஆள், கையிலை இரும்பு, இந்தத் தெரு ஆள் இல்லை எண்டு சொன்னீங்கள். அவர் மூண்டு மாசமா எங்கடை தெருவிலை இருந்தவர்!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அடுத்த நாள் அம்மாவைக் கொண்டு வடை சுடுவித்து, அனுதாபம் சொல்ல இவளிடம்தான் கொடுத்துவிட்டாராம் அத்தான். அதன் பிறகு தெருக்காரர் கூடிய கூட்டத்தில் எழுந்து, இனத்துவேசத்துக்கு எதிராக உருக்கமாகப் பேசினாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். அடுத்த மாதம் வரிசையில் நின்று கறுப்பு அதிபருக்கு வாக்கும் போட்டாராம்.

"அத்தான், அந்த மனிசனிட்டை மன்னிப்புக் கேட்டீங்களோ?" என்றேன்.

"என்னத்துக்கு? ஆருக்கும் தெரியாது."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. கடையில் பால் முடிந்துவிட்டது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

"அந்த பேட்ஜைக் கழட்டுங்கோ அத்தான், எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை."

என் கணவர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். "விடும், விடும்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்ன தெரியும் அமெரிக்காவைப் பற்றி? அந்த இரட்டைக் கோபுரங்கள் விழுந்த கிழமை பெற்றோல் ஷெட்டிலை வைச்சு இவரை அரபி எண்டு நினைச்சு முகத்திலை துப்பினவங்கள். இவர் வீட்டுக்கு வந்து குளிச்சுப்போட்டு ஒண்டும் பேசாமல் படுத்தவர். தெரியுமே?"

எனக்குத் தெரியாது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் அவரைப் பார்க்க உண்மையிலேயே பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தை அவரே கெடுத்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் சொல்லுறன், இஞ்சை பாரும். நாங்கள் அவங்களிட்டை நல்ல பேர் எடுக்கவேணும். நாங்கள் வேறை, உவை வேறை எண்டு அவங்களுக்கு விளங்கவேணும்."

அதாவது, துப்பியவனிடம் நல்ல பேர் வாங்குவதற்கு வேறொருவனை மண்ணில் கிடத்தவேண்டும். எஞ்சினியர் மூளை. நான் எழுந்துபோய்க் கை கழுவினேன்.

அன்று மாலையே அவர்கள் பெட்டிகளோடு இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது அக்காவின் மகள், என் பெறாமகள், என்னைக் கட்டிப்பிடித்து, "சித்தி, நான் போய் டொக்டர் அங்கிள் ஆக்களிட்டைச் சொல்லப்போறன்," என்றாள்.

"பயமில்லையோ?"

"பயம்தான். ஆனா ஏலாது சித்தி, அந்தப் பிள்ளையளைக் காணேக்கை எல்லாம் நான் மற்றப் பக்கம் திரும்பி நடக்கிறன்."

செப்டெம்பரில் தொலைபேசியில் அழைத்தாள். டொக்டரின் மனைவியிடம் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் அழவும் இல்லை, அதிரவும் இல்லை. தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர்களுக்குச் சம்பவம் நடந்த அன்றே தெரியுமாம். விலங்கைக் கழற்றும்போது ஒரு பொலிஸ்காரரே, "உங்கள் அயலவர், அந்த இந்தியர், பதறிப்போனார்" என்று சொல்லியிருக்கிறார். அத்தானின் கூட்டப் பேச்சை அவர்கள் முன் வரிசையில் இருந்து கேட்டிருக்கிறார்கள்.

"கடைசியிலை டொக்டர் அங்கிளும் கைதட்டினவராம் சித்தி. பிள்ளையள் அந்தத் தெருவிலைதானே வளரவேணும் எண்டு ஆன்ட்டி சொன்னவ."

மகள் உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தபோது அத்தான் வெட்கப்படவில்லை, மனம் நொந்துபோனார். கார்த்திகையில் அக்கா என்னோடு மறுபடி பேசத் தொடங்கினாள். மகள் வீட்டைவிட்டு ஒரு அறைக்குப் போய்விட்டாள் என்று அழுதாள். பிறகு, "அந்த டொக்டர் வீட்டு ஆக்கள் எங்களுக்கு முகம் குடுக்கினமில்லை. உண்மையிலை அவைக்குத்தான் எங்களிலை துவேசம் எண்டு இவர் சொல்லுறார்," என்றாள்.

"நீ என்ன சொல்லுறாய் அக்கா?"

"வடையை அவை சாப்பிட்டிருக்க மாட்டினம், என்ன?" என்றாள்.

"மாட்டினம்," என்றேன்.

சில வருடங்களில் டொக்டர் குடும்பம் வேறு மாநிலத்துக்கு மாறிப்போனது. பெறாமகள் அவர்களோடு இன்றும் தொடர்பில் இருக்கிறாள். அத்தானும் நானும் பண்டிகைகளுக்குத் தொலைபேசியில் காலநிலை பேசிக்கொள்கிறோம். அங்கே பனி, இங்கே மழை. அதைத் தாண்டி எதைத் தொட்டாலும் அவருக்கு நாட்டுப்பற்று வந்துவிடுகிறது.