தோங் யாவின் இரண்டாவது மலை

சூச்சோ நகரத்தில் பெய் கடை என்றால் படத்தை நம்பிக் கொடுக்கலாம் என்பார்கள். அந்தக் கடைக்காரன் நான். அதைக் கேட்கும்போதெல்லாம் முகம் சுடுகிறது. ஓவியத்துக்குப் பின்தாள் ஒட்டி, பட்டு விளிம்பு கட்டி, சுருளாக்கித் தருவது என் தொழில். தோங் யாவின் படங்களை ஒருவரும் சீண்டாத நாளில் ஒட்டிக் கொடுத்தவன் நான். அவள் தலையில் கல்லைப் போட்டவனும் நானே.

அவள் ஒரு வாத்தியார் மகள். பக்கவாதத்தில் விழுந்த கணவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு மீதிப் பொழுதில் வரைவாள். மற்றப் பெண்கள் பூ வரைவார்கள், மிஞ்சிப் போனால் மூங்கில். இவள் மலை வரைந்தாள். சிறுவயதிலேயே துணியால் இறுக்கிக் கட்டிச் சிறுக்கவைத்த பாதங்களோடு மலையேற முடியாது. அதனால் படகு அமர்த்திக்கொண்டு ஏரிக்குப் போய், மலையடியில் நிறுத்தச் சொல்லி நாள் முழுக்கப் பார்ப்பாள்.

"நீ பாக்குற பார்வையில மலையே கூச்சப்பட்டு நகந்துரும் போலருக்கு தாயி" என்பாராம் படகுக்காரர். என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் வரைந்த பாறைகள் அப்போதுதான் மழையில் நனைந்தவை போலிருக்கும்.

பட்டு வியாபாரி யென், தன் அம்மாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு அவளிடம் பெரிய மலைப்படம் ஒன்று கேட்டார். அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் விசிறிகள்தான். இது அமைந்தால் பெரிய வீடுகளின் கதவு திறக்கும். நான்கு மாதம் உழைத்து, தடித்த இரட்டைத் தாளில் வரைந்து கொண்டுவந்தாள்.

இரட்டைத் தாள் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரு தாள்; மேலே வரைந்த மை கீழ்த்தாள் வரை இறங்கும். நனைத்துப் பொறுமையாக உரித்தால் கீழ்த்தாளும் ஒரு படம், கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. நான் உரித்தேன். வறுமை என்று சொன்னால் பொய். முடியுமா என்று கை துறுதுறுத்தது, முடிந்ததும் ஆசை வந்தது. மங்கிய இடங்களில் மை தொட்டேன். அவள் முத்திரை போலவே ஒன்று செதுக்கிப் பதித்தேன். வெளியூரில் விற்கச் சொல்லி ஒரு தரகனிடம் தள்ளிவிட்டேன்.

விருந்தன்று படத்தை மாட்ட யென் வீட்டுக்குப் போனேன். தோங் யாவையும் அழைத்திருந்தார்கள். வெளியூர் அரிசி வியாபாரி ஒருவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதே படம் என்கிட்ட இருக்கே. அந்தம்மா கையாலயே வாங்குனதுன்னு தரகன் சொன்னான்" என்றவர், தான் வந்த படகுக்கு ஆளனுப்பி எடுத்துவரச் செய்தார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒரு மரம் கூடுதலில்லை, ஒரு கல் குறைவில்லை.

யெனின் அம்மா நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்குன்னே வரைஞ்சேன்னியேம்மா. இன்னும் எத்தன பேருக்கு வரைஞ்சே?"

"பூவோட நின்னிருக்கணும்" என்றார் ஒரு விருந்தாளி. "பூன்னா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க." கூடமே சிரித்தது.

தோங் யாவ் எழுந்து போய், வெளிறிய படத்தில் நான் மை தொட்ட பாறைமேல் விரல் வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், அவள் மானம் தப்பும், என் கடைக்குப் பூட்டு விழும். அவள் அதைச் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நானோ சுருளின் கயிற்றைச் சரிசெய்தேன். கயிறு சரியாகத்தான் இருந்தது.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கங்க பெரியம்மா" என்று குனிந்து வணங்கிவிட்டு வெளியேறினாள்.

ஏன் என்னைக் காப்பாற்றினாள் என்று தெரியவில்லை. ஒருவரும் சீண்டாத நாளில் அவள் படங்களை ஒட்டிக் கொடுத்ததற்காக என்றால் அதைவிட எனக்கு வேறு செருப்படி வேண்டாம். அதன்பின் எந்தப் பெரிய வீடும் அவளைக் கூப்பிடவில்லை. விசிறியில் பூ வரைந்து காலம் தள்ளினாள்.

மூன்று வருடம் கழித்துக் கடைக்கு வந்தாள். கையில் ஒரு மலைப்படம்.

"யாரும் கேக்கல. எனக்கே எனக்குன்னு வரைஞ்சேன்" என்றாள்.

மேசையில் விரித்தேன். அப்படியொரு மலையை அவள் முன்பு வரைந்ததில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

"ஒத்தத் தாளுதான் அண்ணே. உரிக்க ஒண்ணுமில்ல" என்றாள். குரலில் கோபமே இல்லை.

கடையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அன்று விருந்தில் போலவே அவள் காத்து நின்றாள். நான் படத்தைச் சுருட்டினேன்.

"எப்ப வேணும்?" என்று கேட்டேன்.