மாஸ்டருக்கு ஒட்டிய மாலை

நான் படிப்பை இடையில் விட்ட காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் உயிரியல் மாஸ்டரை எனக்குப் பிடிக்காது. தவளை வெட்டும்போது நான் கத்தியைக் கீழே வைத்ததைக் கண்டு, "முதலிலை உவளை வெட்டிப் பாருங்கோ, உள்ளுக்கை முழுக்கப் பயந்தான் கிடக்கும்" என்று வகுப்பையே சிரிக்க வைத்தவர்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூசையான வாணி விழாவுக்கு, மறைந்துபோன பெயர்பெற்ற உயிரியலாளர்கள் ஐந்து பேரின் படங்களை மட்டையில் ஒட்டி, நிறத்தாளில் மாலை செய்து வகுப்புச் சுவரில் வைத்தோம். ஆறாவதாக மாஸ்டரின் படம். கொழும்புக்குப் போன அவரிடமிருந்து பன்னிரண்டு நாளாகத் தகவல் இல்லை.

"மாஸ்டருக்கு மட்டும் மாலை ஒட்டாதை. அது செத்த ஆக்களுக்கு" என்றாள் வகுப்பு மொனிற்றர் ரஞ்சி.

"ஓம்" என்றேன். எல்லோரும் போனபின் அவருக்கும் ஒட்டினேன்.

மறுநாள் அவருடைய மனைவி, எங்கள் தையல் ரீச்சர், அதைப் பார்த்துவிட்டார்.

"ஆரடி உது செய்தது?"

"மறந்துபோய் ஒட்டிட்டன், ரீச்சர்."

"நான் பொட்டோடை நிக்கிறது உனக்குக் கண்ணிலை குத்துதோடி?"

மாலையைப் பிடித்து இழுத்தார். பசை காய்ந்திருந்ததால் மாஸ்டரின் முகமும் சேர்ந்து கிழிந்து வந்தது. அதைக் கையில் வைத்தபடி ரீச்சர் நிலத்தில் குந்திவிட்டார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். நாலாம் நாள் ரஞ்சி வந்தாள்.

"மாஸ்டர் வந்திட்டார். மறதிதானே எண்டு ரீச்சரும் மன்னிச்சிட்டா. பள்ளிக்கூடம் வாவனடி."

நான் போகவில்லை. மாஸ்டரை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால், அது மறதி இல்லை என்று ரீச்சரிடம் சொல்லாமல் அந்த மன்னிப்பை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சொல்லவும் பயமாக இருந்தது.