சமையலறையில் என் குரல்

1. அக்கா எடுத்த குறும்படம் ஒன்றுக்கு நான் பின்னணிக் குரல் கொடுத்தேன்.
2. அந்தப் படம், எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் ஸ்காபரோவில் ஒரு வாடகை அறையில், பெண்களுக்கு மட்டும் என்று சொல்லிக் காட்டப்பட்டது.
3. வாசலில் எல்லோருடைய போன்களையும் வாங்கித் துணிப்பைகளில் போட்டு வைத்தோம்.
4. வந்தவர்களில் யாரோ ஒருவரிடம் இன்னொரு போன் இருந்திருக்கிறது.
5. படத்தின் ஒரு துண்டு வாட்ஸ்அப்பில் பரவியது. அதில் முகம் எதுவும் இல்லை. மேசைமேல் வைத்த இரண்டு கைகளும் ஒரு குரலும் மட்டுமே இருந்தன.
6. சனிக்கிழமை காலை அது அம்மாவின் போனுக்கு வந்தது.
7. அம்மா அதைச் சத்தமாகப் போட்டார். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வேலையில் ஏதாவது பிழையானால் நடந்ததை இப்படித்தான் வரிசைப்படுத்துவோம். உயர்ந்த கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணிகளும் ஒலிபெருக்கிகளும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பரிசோதிப்பது என் தொழில். வரிசையாக எழுதினால் எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்பது தெரிந்துவிடும். இங்கே அது மூன்றாவது இடம். ஆளுக்கு ஒரு போன் என்று நினைத்துவிட்டோம். எங்கள் அன்ரிமார் பலரிடம் இரண்டு இருக்கும். ஒன்று கையில் இருக்கும். மற்றது மகன் புதிது வாங்கியபோது கொடுத்த பழையது, கைப்பையின் அடியில் கிடக்கும். இது எங்களுக்குத் தெரியாத விடயம் இல்லை. அம்மாவிடமே இரண்டு இருக்கிறது.

அக்கா என்று நான் சொல்வது பெரியம்மாவின் மகளை. டவுன்ரவுனில் ஒரு கடைக்கு மேலே உள்ள அறையில், மாதத்துக்கு ஒருமுறை படம் போட்டுக் கதைக்கும் கூட்டத்தை நடத்துகிறவர்களில் அவளும் ஒருத்தி. துண்டுப்பிரசுரத்தில் 'செக்ஸ் பொசிற்றிவ்' என்று போடுவார்கள். உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் வெட்கமில்லாமல் கதைக்கலாம், விருப்பமில்லை என்றால் அதையும் வெட்கமில்லாமல் சொல்லலாம் என்று அக்கா எனக்கு விளக்கினாள். ஒரு பிரசுரத்தில் அவளுடைய புகைப்படம் இருந்தது. அது யார் யாரோ கைமாற்றி பிறம்ரனில் இருக்கும் பெரியப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா வீட்டுச் சுவரிலிருந்து அக்காவின் பட்டமளிப்புப் படம் இறங்கியது. எங்கள் வீட்டில் அம்மா ஒரே ஒரு வசனம் சொன்னார்: "இனி உவளின்ர கதை இந்த வீட்டில வேண்டாம்."

அதற்குப் பிறகு அவளுடைய பெயரை அம்மாவின் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. ஆகவே, பிடிபட்டால் எனக்கு என்ன நடக்கும் என்று நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ரிலும் ஒரு சுவர் இருக்கிறது. அதில் என் படமும் இருக்கிறது.

அந்த மாடி அறைக்கு முதல்முறை போனபோது வீட்டில் 'ஓவர்ரைம்' என்று சொல்லிவிட்டுப் போனேன். கதவுக்குக் கிட்ட இருந்த கதிரையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன். திரையில் ஒரு வயதான தம்பதி, தங்களுக்கு இப்போதும் எது பிடிக்கும் என்று ஒருவரை ஒருவர் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. படத்தின் முக்கால்வாசி நேரமும் நான் கூரையிலிருந்த புகை உணர்கருவியின் சின்னச் சிவப்பு விளக்கைத்தான் பார்த்தேன். பிறகு எல்லோரும் வட்டமாக இருந்து கதைத்தார்கள். இடுப்புத் தசைகளுக்குச் சிகிச்சை கொடுக்கும் பெண் ஒருவர், பிளாஸ்ரிக் இடுப்பெலும்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, உறவின்போது வரும் வலி பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல என்று விளக்கினார். ஆட்கள் சிரித்தார்கள்தான். ஆனால் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று எழுத விருப்பம். ஆனால் நடந்தது வேறு. படியிறங்கி வரும்போது தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் வருவதைக் கண்டேன். திரும்பி மேலே ஏறி, அவர்கள் போய்விட்டிருப்பார்கள் என்று நம்பும்வரை கழிப்பறைக்குள் நின்றேன். அப்படியும் அடுத்த மாதம் போனேன். அதற்கு அடுத்த மாதமும் போனேன்.

அக்காவின் படம் அந்தச் சிகிச்சைக்காரப் பெண்ணின் பேச்சிலிருந்து பிறந்தது. எங்கள் பெண்கள் சிலர் தங்கள் அனுபவத்தைப் பெயரில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். அதை வாசிக்க ஒரு குரல் தேவைப்பட்டது.

"நீதான் வாசிக்க வேணும். உன்ர குரலில பயம் தெரியாது" என்றாள் அக்கா.

"எனக்குப் பயமாத்தானே இருக்கு."

"இருக்கட்டும். கேக்கிற ஆக்களுக்குத் தெரியாட்டிச் சரி."

என் குரலை அவள் தெரிவுசெய்ததற்குக் காரணம் இருந்தது. மார்க்கம், ஸ்காபரோ பக்கத்து மண்டபங்களில் நடக்கும் அரங்கேற்றங்களுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் நான்தான் பல வருடங்களாக அறிவிப்பாளர். ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதை மண்டபம் எடுத்து, பல்லக்கில் தூக்கி, மேடையில் இயந்திரத்தால் புகை அடித்து ஊருக்குச் சொல்வோம். அதை மைக்கில் சொல்வது நான். அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த மண்டபங்களில் இருந்த அத்தனை பேருக்கும் என் குரல் தெரியும் என்பதை, அக்கா என் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தபோது நான் எப்படி மறந்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மேல்மாடி அன்ரி கருவேப்பிலை கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அதே கட்டடத்தில் எங்களுக்கு மேலே மகனுடனும் மருமகளுடனும் இருப்பவர். கருவேப்பிலை வாங்க வந்தால் மதியம்வரை இருப்பார். அம்மாவின் போன் சத்தமிட்டது. என்னவோ வீடியோ என்று அம்மா அதை அழுத்தினார்.

"கலியாணம் முடிஞ்சு நாலு வருசம்" என்றது என் குரல். "ஒவ்வொருக்காலும் நோகும். அம்மாட்டைச் சொன்னன். எல்லாருக்கும் அப்பிடித்தான், பழகிடும் எண்டு சொன்னா. எனக்குப் பழகேல்லை. வேண்டாம் எண்டு சொல்லலாம் எண்டதே எனக்குத் தெரியாது."

கத்தி என் கையில் இருந்தது. நிறுத்தினால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"சீ! என்ன கண்டறியாத கதையப்பா உது!" என்றார் அன்ரி. பிறகு, "ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ. முதல் சொன்னது விளங்கேல்லை."

அம்மா திருப்பிப் போட்டார். கலியாணம் முடிஞ்சு நாலு வருசம். இரண்டாம் தரம் அன்ரி குறுக்கே கதைக்காமல் முழுவதையும் கேட்டார்.

"குரல் எங்கயோ கேட்ட குரலெல்லே?"

"உது ரேடியோவில காலமை வாற பெட்டையின்ர மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா.

"அந்தப் பெட்டைக்கு மூக்கால வாற குரலெல்லோ?"

"போனுக்குள்ளால கேக்கேக்க மாறும்."

"நீ சொல்லு பிள்ளை. நீயும் மைக் பிடிக்கிறனிதானே. உது ஆற்ற குரல்?" என்று அன்ரி என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தால் அந்தக் குரல்தான் வெளியே வரும். தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன்.

"அவளுக்கு நேற்றே தொண்டை சரியில்லை" என்றார் அம்மா.

நேற்று என் தொண்டைக்கு ஒன்றும் இருக்கவில்லை. அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. அடுத்த வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து எனக்குத் தொண்டை நோ. அம்மா காலையும் மாலையும் மல்லித்தண்ணி அவித்துத் தந்தார். நான் மறுக்காமல் குடித்தேன். அப்பாவுடன் தலையாட்டிக் கதைத்தேன். லிஃப்றில் தமிழ் முகம் ஒன்று ஏறினால் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் நின்றேன். வேலையில் மட்டும் ஆங்கிலத்தில் சாதாரணமாகக் கதைத்தேன். அதுவே ஓய்வுபோல இருந்தது.

அக்காவுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. அடுத்த காட்சிக்கு முன்னால் வேறு ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் குரலை மாற்றலாம், நீ சொன்னால் போதும், கோபிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாள். 'மாற்று' என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன். ஏனென்றால் அது அரைவாசிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். மற்ற அரைவாசி வரும் ஞாயிற்றுக்கிழமை மார்க்கம் மண்டபம் ஒன்றில் இருந்தது. மேல்மாடி அன்ரியின் உறவுக்காரர் வீட்டுச் சாமத்திய வீட்டுக்கு எப்போதோ ஒத்துக்கொண்டிருந்தேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கதை கிளம்பும். போனால், அந்த வீடியோவைப் பார்த்த ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் நின்று கதைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு லொறி வேலை. நான் கார் ஓட்ட, அம்மா பட்டுச்சேலையுடன் பக்கத்தில், பலகாரத் தட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கென்னடி வீதியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம்.

"பிள்ளை."

"ம்."

"இண்டைக்கு மேடையில கொஞ்சம் கீச்செண்டு கதை."

"என்னண்டு?"

"அந்த ரேடியோப் பெட்டையள் கதைக்கிற மாதிரி, சிரிச்சுச் சிரிச்சு. உன்ர மற்றக் குரலில கதையாதை."

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.

"எப்ப தெரியும்?"

"போட்ட உடனை."

"பிறகேன் திருப்பிப் போட்டனீங்கள்?"

"அவ கேட்டவ. போடாட்டி ஏன் போடேல்லை எண்டு யோசிப்பா." அம்மா தட்டின் துணியை இழுத்து மூடினார். "அதோட முதல்தரம் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உன்ர குரல் எண்டு தெரிஞ்சாப் பிறகு, நீ என்ன சொல்லுறாய் எண்டு காதில ஏறேல்லை."

நான் ஒரு பஸ்ஸை முந்திப் போனேன்.

"அது ஆற்ற கதை?" என்றார் அம்மா.

"தெரியாதம்மா. பெயர் போடாமல் எழுதித் தந்தது."

"எங்கட ஆக்களோ?"

"ஓம்."

"தாயைப் பிழையாச் சொன்ன மாதிரிக் கிடக்கு. தாய் வேற என்னத்தைச் சொல்லுறது? அவவுக்கும் அப்பிடித்தானே சொல்லியிருப்பினம்." மடியில் இருந்த தட்டைத் திருப்பி வைத்தார். பிறகு, "உவளோட சேர்ந்தோ உது செய்தனி?"

"ஓம்."

"நான் வாங்கிக் குடுத்த கறுப்புக் கோட்டைத்தான் இன்னும் போடுறாளோ?"

"ஓம். கையில கிழிஞ்சு போச்சு. தைச்சுப் போட்டிருக்கிறா."

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்பாவுக்குத் தெரியக்கூடாது. அடுத்தமுறை வேற ஆரையாவது வாசிக்கச் சொல்லு. எனக்கு அண்டைக்கு நெஞ்சு நிண்டு போச்சு, தெரியுமோ? நீ வெங்காயம் வெட்டுறாய், நான் உன்ர விரலைப் பாக்கிறதோ, அவவின்ர முகத்தைப் பாக்கிறதோ எண்டு தெரியேல்லை."

அதுவரை நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேர் பயப்படுகிறார்கள் என்று தெரிந்தபோது ஆறுதல் வரவில்லை. பயம்தான் கூடியது.

மண்டபத்தில் நான் கீச்சென்று கதைத்தேன். பல்லக்கு வரும்போது சிரித்தேன், கேக் வெட்டும்போது சிரித்தேன், புகை அடித்தபோது இருமிக்கொண்டும் சிரித்தேன். முன்வரிசையிலிருந்து அம்மா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் தாய் மேடையோரமாக வந்து, "என்ன தங்கச்சி, சளியோ? உங்கட குரலுக்காகத்தானே உங்களைக் கேட்டனாங்கள்" என்று முறைப்பட்டார். நான் அதற்கும் சிரித்தேன்.

சாப்பாட்டு நேரம், மேல்மாடி அன்ரி கையில் தட்டுடன் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நான் நின்ற இடத்துக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பிள்ளை, அந்தப் படம் திருப்பிப் போடுவினமோ?"

"எந்தப் படம் அன்ரி?"

"உனக்குத் தெரியாட்டி விடு." வடையைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. "என்ர மருமகளுக்குத்தான். அவள் அறைக்குள்ள இருந்து அழுகிறாள். என்ன எண்டு கேட்டால் சொல்லுறாளில்லை. நான் அந்த வீடியோவைக் காட்டினன். அதுக்குப் பிறகு இன்னும் அழுகிறாள்."

"எனக்குத் தெரியாது அன்ரி" என்றேன், அந்தக் கீச்சுக் குரலில்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் செய்தது சரியான முடிவு என்பதற்கு என்னிடம் எல்லாக் காரணங்களும் இருந்தன. வீட்டுக்கு வரும்வரை அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் பிழை காணவில்லை. ஆனாலும் அந்த மருமகளை லிஃப்றில் கண்டிருக்கிறேன். எப்போதும் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு நிற்பவள். என் வயதுதான் இருக்கும்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, எங்கள் மாடியில் இறங்காமல் மேலே போனேன். அன்ரி கதவைத் திறந்தார்.  சுவரைப் பிடித்துக்கொண்டு, காட்சி நடக்கும் நாள், இடம், எந்தப் பஸ்ஸில் வரலாம் என்பதை வரிசையாகச் சொன்னேன். வலிக்கு யாரிடம் போகலாம் என்று அங்கேயே கேட்கலாம் என்றும் சொன்னேன். என் சொந்தக் குரலில்தான் சொன்னேன்.

அன்ரி உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உது மருமகளுக்கு. எனக்கில்லை. விளங்குதோ?"

"ஓம் அன்ரி."

"உன்ர தொண்டை சுகமாப் போச்சுப் போல" என்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

அனுப்பாமல் வைத்திருந்த அந்த ஒற்றைச் சொல்லை அழித்துவிட்டு, குரலை மாற்ற வேண்டாம் என்று அக்காவுக்கு எழுதினேன். அம்மாவிடமும் சொன்னேன்.  அம்மா அன்று மல்லித்தண்ணி வைக்கவில்லை.

இப்போதைய நிலை இது. படம் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போடப்படுகிறது. அதில் இருப்பது என் குரல். வாசலில் நிற்பவர்கள் இந்தமுறை மற்றப் போனையும் கேட்பார்கள். அம்மாவுக்குத் தெரியும், அன்ரிக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. மருமகள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. வீட்டுச் சுவரில் என் படம் இன்னும் இருக்கிறது. வேலையால் வந்து கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.