தீயலும் கருப்பு பீரும்

கிளாஸைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சம் அந்தப் பக்கம் வரவில்லை. அவ்வளவு கருப்பு. மேலே நுரை மட்டும் காப்பி நிறம். பெங்களூரில், கடையிலேயே பீர் காய்ச்சி விற்கிற ஒரு ஹோட்டல் அடுக்களை அது. நான் சமையல்காரன். என்னை அங்கே சேர்த்துவிட்டது அங்கேயே வேலை பார்த்த என் மாமா மகன். எனக்கு மூத்தவன், அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். "குடிலே மக்கா, செத்துர மாட்ட" என்றான். நாங்கள் தக்கலைப் பக்கம். எங்கள் வீட்டில் குடிக்கிறவர்கள் இல்லை. ஒரு மடக்கு வாயில் வைத்தேன். கசப்பு. அது போனபிறகு அடியில் ஒரு மணம் நின்றது. எங்கள் ஊர்ப் புளிக்குழம்பான தீயலுக்குத் தேங்காய் வறுக்கும்போது, கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அது. இந்த பீருக்குப் பார்லியையும் அப்படித்தான் வறுக்கிறார்களாம்.

மறுநாள் உள்ளித் தீயலைக் கெட்டியாக வற்றவைத்து, மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, பொரித்து, அந்த பீரோடு முதலாளிக்குக் கொடுத்தேன். புளிப்பு வந்ததும் பீரின் கசப்பு அடங்கியது. கிழங்கு இரண்டையும் தாங்கியது. முதலாளி தட்டை வழித்துத் தின்றார். அதன்பிறகு புதிதாக எது காய்ச்சினாலும் என்னிடம் ஒரு மடக்கு வரும். அதோடு எது சேரும் என்று நான் சொல்லவேண்டும். அந்த வேலைக்கு அத்தான் ஆசைப்பட்டிருந்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. "ஒன் நாக்குக்கு வந்த வாழ்வப் பாருலே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கொட்டாரம் என்ற ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அய்யா வழிக் குடும்பம். குடியைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாத வீடு. ஹோட்டலில் சமையல் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். கல்யாணம் பேசி முடித்தபிறகு அவளோடு போனில் பேசுவேன். அவளிடம் மறைக்க எனக்கு மனசில்லை. சொல்லிவிட்டேன்.

"அப்பம் நீங்க குடிப்பியளா?"

"வேலைக்கு ஒரு மடக்கு. வேற இல்ல."

"ஒள்ளதா?"

"ஒள்ளது."

"செரி, நான் நம்புதேன். அப்பாட்ட நானே பக்குவமா சொல்லுதேன். நீங்க வாயத் தொறக்காதிங்க."

அங்கே வாயை விட்டுவிடாதே என்று அத்தானிடமும் சொல்லிவைத்தேன். "நான் எதுக்குலே சொல்லப் போறேன்" என்றான்.

நிச்சயத்துக்கு முன்னால் அவள் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. இலையில் தீயல் விழுந்தது. அத்தான் விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவள் அப்பாவிடம் சொன்னான்: "நல்லா இருக்கு மாமா. ஆனா இதுக்குக் கருப்பு பீருல்லா சேரும். மாப்பிள்ளைட்ட கேளுங்க, தெனமும் ருசி பாக்குத ஆளாக்கும்."

பந்தியில் கைகள் நின்றன. அவள் அப்பா என்னைப் பார்த்து, "ஒள்ளதா மாப்பிள?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் திரும்பினார். "ஏட்டி, ஒனக்கு இது தெரியுமா?" அவள் அப்பளத் தட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியாதுப்பா" என்றாள்.

எழுந்து கை கழுவினோம். சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணமும் இல்லை.

வாய் தவறி வந்துவிட்டது என்று அத்தான் பஸ்ஸில் சொன்னான். வாய் தவறுகிறவன் முதலில் ஆளைப் பார்க்கமாட்டான். ஆனாலும் அவன் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பொறாமை. அது மனுஷனுக்கு வரும். அவனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

இன்றும் அதே வேலைதான். தீயலும் கிழங்கும் நன்றாகப் போகிறது. புதிதாகக் காய்ச்சினதை ஒரு மடக்கு வாயில் வைப்பேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேலைக்கு வெளியே ஒரு சொட்டு குடித்ததில்லை. ஊரில் இதை யாரும் நம்பவில்லை. என் வீட்டிலும் நம்பவில்லை. நம்புகிறேன் என்று சொன்னவள் ஒருத்திதான். அன்றைக்கு அவள் அப்பா கேட்டபோது நான் ஏன் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று இன்னும் கேட்கிறார்கள். அவள் பேசுவாள் என்று இருந்தேன்.