என் கார்டுக்காக அவள் பேசிய பிரெஞ்சு

2013ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், நான் வேலை செய்த உணவகத்தின் குசினியில் எனக்குப் பாரிசவாதம் வந்தது. மதியச் சூப்புக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வலக்கையும் வலக்காலும் போனது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பேச்சும் போயிருந்தது. இரண்டாவது கிழமை மனைவி கரண்டியால் யோகட் தீத்திக்கொண்டிருந்தபோது, போதும் என்பதற்கு, "காணும்" என்றேன். அவள் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு தமிழ் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. பிரெஞ்சு வரவில்லை. டாக்டர் சொல்வதெல்லாம் விளங்கும். பதிலும் தலைக்குள் தயாராக இருக்கும். வாயைத் திறந்தால் "உய், ஷெஃப்" என்பது மட்டும் வரும். குசினியில் இருபத்திரண்டு வருடமாகத் தலைமைச் சமையல்காரருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய "ஓம், தலைவரே" என்ற சொல். ஆயிரமாயிரம் தடவை சொன்ன சொல் மூளையில் வேறு இடத்தில் பதிந்திருக்கும், அது அழியாது என்று பேச்சுப் பயிற்சி தந்த பெண் விளக்கினாள். அதற்கும் நான், "உய், ஷெஃப்" என்றேன்.

இது எனக்கு எப்படியான அடி என்று பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அந்த நாட்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை எங்கள் உணவகம் பூட்டு. அன்றைக்கு அங்கே ரூ காய் என்ற தெருவில் ஒரு தேநீர்க் கடையில் இருப்பேன். ஆட்கள் கடிதங்களோடு வருவார்கள். வாசித்துச் சொல்வேன், படிவம் நிரப்புவேன், தேவையென்றால் கூடவே போய்க் கதைப்பேன். "அண்ணை கதைச்சால் அலுவல் முடியும்" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

மனைவிக்குப் பிரெஞ்சு தெரியாது. பேக்கரியில் பாண் வாங்குவாள், வணக்கம் சொல்வாள், நன்றி சொல்வாள், அவ்வளவுதான். வந்த புதிதில் ஒருமுறை வகுப்புக்குப் போகப்போவதாகச் சொன்னாள். "நான் இருக்கிறன்தானே, உமக்கென்னத்துக்கு?" என்று நான்தான் தடுத்தேன். அன்பில் சொன்னதாகத்தான் பல காலம் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் யோசிக்க நேரம் கிடைத்தபோது, அது முழு உண்மையில்லை என்று விளங்கியது. அவளுக்கும் நான் தேவைப்பட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்திருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தை மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஏறியது ஏறியதுதான், பிறகு இறங்கவில்லை. பிரான்சில் தங்குவதற்கான என் பத்து வருடக் கார்ட் சித்திரையில் முடிகிறது. எங்கள் ஆட்கள் அதை விசா என்பார்கள். அது முடிந்தால் மருத்துவக் காப்புறுதியும் இயலாமைக் கொடுப்பனவும் ஒவ்வொன்றாக நிற்கும். புதுப்பிப்பதற்கு ஆள் நேரே போக வேண்டும். புதிய கார்டுக்குக் கைரேகை கட்டாயம். முந்தைய தடவை அது இருக்கவில்லை.

இரண்டாம் மாடியில் ஒரு பாண்டிச்சேரிக்காரர் இருந்தார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என்னால் நடக்க முடியாது, வீட்டுக்கு ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேட்டு, டாக்டரின் சான்றிதழோடு அவர்தான் கார்ட் கொடுக்கும் அரச கந்தோரான பிறெபெக்சருக்குக் கடிதம் எழுதித் தந்தார். பதில் வரவில்லை. "வெயிட் பண்ணிட்டிருந்தா கார்ட் முடிஞ்சிடும்மா. இன்டர்நெட்ல றொந்தேவு எடுத்துடுவோம்" என்றார். றொந்தேவு என்றால் நேரம் குறித்த சந்திப்பு. அது கணினியில் காலையில் திறக்கும், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

மனைவி அதுவரை கணினியைத் துடைக்கத்தான் தொட்டிருக்கிறாள். எந்த இடத்தில் அழுத்துவது என்று அவர் காட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு நாளும் எனக்கு முகம் கழுவித் தேத்தண்ணி தந்துவிட்டு அதன் முன்னால் இருப்பாள். "இல்லையாம்" என்று எழும்பிப் போவாள். மூன்றாவது கிழமையில் ஒருநாள் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"இஞ்சாருங்கோ! கிடைச்சிட்டுது! திங்கட்கிழமை, பத்து நாப்பது!"

அடுத்த பிரச்சினை மாடிப்படி. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அம்புலன்ஸ் வரும். விசாவுக்கு வராது. என் முதலாளியின் இலக்கம் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனை எடுத்தாள். அவள் பிரெஞ்சில் கதைத்த முதலாவது தொலைபேசி அழைப்பு அது. "திங்கள். உங்கள் உணவகம் இல்லை. என் கணவர் கீழே. தயவுசெய்து." அவ்வளவுதான் சொன்னாள். முதலாளிக்கு விளங்கிவிட்டது.

திங்கள் காலை அவர் வந்தார். கூடவே, என்னோடு பன்னிரண்டு வருடம் அதே குசினியில் கோப்பை கழுவிய வங்காளதேசக்காரரும் வந்தார். உணவகத்திலிருந்து கை வைத்த மரக்கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என்னை அதில் இருத்தி, இரண்டு மேசை விரிப்புகளால் இடுப்பையும் நெஞ்சையும் கட்டினார்கள். ஒவ்வொரு தளத்திலும் கதிரையை வைத்து மூச்சு வாங்கினார்கள். முதலாளிக்கு என்னைவிட வயது அதிகம். முகம் சிவந்து வேர்வை ஓடியது. எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காத மாதிரிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்களோடு வந்து கதைப்பதாகச் சொன்ன பாண்டிச்சேரிக்காரர், தன் வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். இரவு முழுக்கக் காய்ச்சலாம். மனைவியிடம் பத்திரக் கோப்பைக் கொடுத்தார். ஒவ்வொரு பத்திரத்துக்கும் தமிழில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். "பயப்படாதீங்கம்மா. கேக்கறதை எடுத்துக் குடுங்க, அவ்ளோதான்" என்றார். மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "ஓம் ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளியும் வங்காளதேசக்காரரும் பிறெபெக்சருக்குள் என்னைக் கதிரையோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, வாகனம் நிறுத்த இடம் தேடிப் போனார்கள். கருமபீடத்தில், தடுப்புக்குப் பின்னால் இருந்தவள் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண். மூக்குக்கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். பழைய கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது நீங்கள்தானே?"

"உய், ஷெஃப்."

"முகவரி மாறியிருக்கிறதா?"

"உய், ஷெஃப்."

"மாறியிருக்கிறதா? இங்கே பழைய முகவரிதானே இருக்கிறது?"

"உய், ஷெஃப்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மனைவியைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: தன் விருப்பத்தைத் தானே சொல்ல முடியாத ஒருவர் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க முடியாது, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் வேண்டும், அந்தப் பத்திரம் இருக்கிறதா?

ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. இதே அலுவலுக்கு நானே ஒருமுறை இன்னொரு குடும்பத்தோடு நீதிமன்றம் போயிருக்கிறேன். பல மாதங்கள் எடுக்கும். கார்ட் முடிய இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை, எல்லாம் விளங்குகிறது என்று கத்த வேண்டும் போலிருந்தது. பிரெஞ்சில் கத்தினால் என்ன வரும் என்று தெரியும், தமிழில் சொன்னால் அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. வாயை இறுக்கிக்கொண்டேன்.

மனைவிக்கு அவள் சொன்னதில் முக்கால்வாசி விளங்கியிருக்காது. என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். கதிரையை விட்டு எழும்பினாள். கருமபீடத்துப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் பேசிய பிரெஞ்சைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

"மதாம். இவர் விளங்கு எல்லாம். வாய் நோய். தலை நோய் இல்லை. நீங்கள் கேள். இவர் காட்டு. இவர் எழுது. தயவுசெய்து, மதாம்."

அந்தப் பெண் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினாள்.

"எந்த ஆண்டு பிரான்சுக்கு வந்தீர்கள்?"

இடக்கையால், பாலர் வகுப்புப் பிள்ளையைப்போலப் பெரிது பெரிதாக எழுதினேன்: 1988.

"எத்தனையாம் மாடி?"

4 என்று எழுதினேன்.

கோப்பிலிருந்து மூன்று பத்திரங்களை எடுத்துப் பரப்பி, மின்சாரப் பில் எது என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன். கடைசியாக மனைவியைக் காட்டி, "இவர் உங்களுக்கு யார்?" என்றாள்.

நான் பென்சிலை எடுக்கவில்லை. அதை மட்டும் வாயால் சொல்ல ஆசைப்பட்டேன். "மா ஃபாம்", என் மனைவி. இரண்டே சொல். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வந்தது, "ஷெஃப்."

முதலில் அந்தப் பெண்தான் சிரித்தாள். பிறகு மனைவி. பிறகு நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கால் மணித்தியாலம் கழித்து வந்து, இடக்கைக் கையெழுத்தே போதும், தான் குறிப்பு எழுதிவிடுவதாகச் சொன்னாள். கைரேகைதான் மிச்சம். என் வலக்கை இறுகப் பொத்திக் கிடந்தது. அதை விரிப்பதற்கு வீட்டில் தினமும் காலையில் சுடுநீர் வேண்டும். மனைவி அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள், வாயால் ஊதிச் சூடாக்கினாள், சின்ன விரலிலிருந்து ஒவ்வொன்றாக நீவி எடுத்தாள். ரேகைக் கருவி உயரத்தில் இருந்ததால் அந்தப் பெண் வயரோடு அதைத் தூக்கி, பக்கக் கதவால் வெளியே வந்து, என் மடியருகே பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். "அவசரமில்லை, மதாம்" என்றாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நின்ற ஓர் ஆபிரிக்கப் பெண்ணும், "ஓமோம், அவசரமில்லை" என்றாள். பின்னால் சிரித்தவர்கள் உட்பட யாரும் முணுமுணுக்கவில்லை.

புதுக் கார்ட் வரும்வரை செல்லுபடியாகும் தற்காலிகப் பத்திரத்தை அவள் அச்சடித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது மனைவியிடம் ஏதோ சொன்னாள். மனைவி சிரித்துத் தலையாட்டினாள். வெளியே வந்து, முதலாளி வாகனத்தை எடுக்கப் போனபோது, மெதுவாக என்னிடம் கேட்டாள்:

"கடைசியா என்னவாம் சொன்னவ?"

"உம்மட பிரெஞ்சு நல்லா விளங்குதாம்."

"சும்மா பகிடி விடாதேங்கோ."

"உண்மையா. அப்பிடித்தான் சொன்னவ."

 அவள் என் கழுத்துச் சால்வையை இரண்டு தடவை சரி செய்தாள். இரண்டு தடவையும் அது சரியாகத்தான் இருந்தது.

ஆனியில் கடிதம் வந்தது. கார்டை எடுக்க நான் வரத் தேவையில்லை, அதிகாரக் கடிதத்தோடு மனைவி வரலாம் என்றிருந்தது. அந்த நரைமுடிப் பெண் கோப்பில் எழுதி வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்கு மேலே யாரிடம் போய் என்ன சொன்னாள் என்பதும் தெரியாது. சட்டம் இப்படித்தான் என்று எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடிதங்களோடு அலைந்த அத்தனை வருடங்களில் கடுகடுத்த முகங்களைப் பற்றித்தான் நான் ஆட்களுக்குக் கதை சொல்லியிருக்கிறேன். நல்லதாக நடந்தவர்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன், இடக்கையால், நாளுக்கு அரைப்பக்கமாக.

அந்த ஆவணியில் மனைவி பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை, சேர்ந்துவிட்டு வந்து சொன்னாள். சில வருடங்களில் எபினே என்ற புறநகரில் லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்ததும் அவள்தான். எனக்கும் பிரெஞ்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான். 2024இல் கார்ட் மறுபடியும் முடிந்தது. விண்ணப்பத்தைக் கணினியில் அவளே நிரப்பினாள். சக்கரநாற்காலியில் நான் போய், விரலை வைத்துவிட்டு வந்தேன். சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒன்றும் நடக்காத ஒரு காலைநேரம் எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஆட்கள் அவளைத்தான் தேடி வருகிறார்கள். போன கிழமை முழங்கால் இயலாத ஒரு வயதான அம்மா, தன் கார்ட் முடிகிறதென்று வந்திருந்தார். மனைவி படிவத்தை நிரப்பி, சரியா என்று பார்க்கச் சொல்லி என் முன்னால் வைத்தாள். ஓரிடத்தில் பிழை இருக்கிறது என்றேன். இல்லை என்றாள். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விடவில்லை. மனைவி விதிமுறைத் தாளை எடுத்து, அந்த வரியைப் பிரெஞ்சில் உரக்க வாசித்துக் காட்டினாள்.

அவள் எழுதியதுதான் சரி.