பேர் வெட்டாத நான்கு மூடிகள்

காரைக்குடிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு ஸ்பானர் செட், பாதி தேய்ந்த சோப்பு. எனக்குப் பின்னால் எங்கேயோ ஒரு ஜோடி மாடுகள் கறுப்புக் கார் ஒன்றை நேமத்தான்பட்டிக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் காரின் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டியவன் நான். அன்று காலை கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியதுமே கிளம்பியது. நாலு மைல் ஓடியது. அப்புறம் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம், பிறகு இறுகி நின்றுவிட்டது. பின் இருக்கையிலிருந்த கார்க்கார வீட்டு ஆச்சி, "என்னாச்சு தம்பி?" என்று கேட்டார்.

"இன்ஜினுக்கு வயசாயிருச்சு ஆச்சி. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்றேன். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு எதையுமே முழுசாக முடித்தவனில்லை. கடைசியாக இருந்தது திருப்பத்தூரில் ஒரு லாரிப் பட்டறை. அங்கிருந்த மேஸ்திரி, "உனக்கு கழட்டத்தாண்டா தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாப்பாடில்லாமல் இரண்டு நாள் பஸ் நிலையத்தில் படுத்தேன். அது பெரிய விஷயமில்லை. அவர் சொன்னதுதான் உறுத்தியது. அதனால்தான் நேமத்தான்பட்டியில் ஒரு வீட்டில் பழைய சீமைக் கார் எட்டு வருஷமாகக் கொட்டகையில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் போய் நின்றேன்.

ஆச்சிக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் மலேயாவில். காரை எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்று கொழுந்தனார் பிடிவாதமாக இருந்தார். ஓட வைத்தால் ஆச்சியே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இரும்புக் கடைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார் என்பது அவர் வைத்த கெடு.

இரண்டாம் கட்டு முற்றத்தில் சாக்கை விரித்து இன்ஜினைப் பிரித்தேன். நான்கு பிஸ்டன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ராடு. ராடின் அடியில் அரைவட்டமாக ஒரு மூடி. ராடும் மூடியும் சேர்ந்து கிராங்க் என்ற சுழல்தண்டைக் கவ்விப் பிடிக்கும். அந்தந்த ராடுக்கு அந்தந்த மூடிதான்; மாறினால் சுழலாமல் இறுகிவிடும். அவற்றின் மேல் கம்பெனி போட்டிருந்த எண்களை முன்பு யாரோ அரத்தால் ராவி அழித்திருந்தார்கள். ராடுக்குப் பக்கத்திலேயே அதன் மூடியை வைத்தேன். வைத்த இடம் போதும் என்று நினைத்தேன்.

புது பேரிங் வாங்கக் காரைக்குடி போய்த் திரும்பியபோது முற்றம் பளபளத்தது. அடுக்களைப் பெண்கள் எல்லாவற்றையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்து அடுக்கிவிட்டார்கள். விசேஷம் முடிந்த மறுநாள் பாத்திரங்களை அடுக்குவார்களே, அப்படி. போல்ட்டுகள் ஒரு வெண்கலக் கிண்ணத்தில். பிஸ்டன்கள் வரிசையாக. நான்கு மூடிகளும் டம்ளர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று.

"எப்பிடி இருக்கு?" என்றார் ஆச்சி.

"புதுசு மாதிரி இருக்கு ஆச்சி."

எது எதனுடையது என்று தெரியவில்லை என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மேஸ்திரி சொன்னது உண்மையாகிவிடும். நான்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் உட்கார்ந்தன. உட்கார்ந்தால் சரிதான் என்று முறுக்கிவிட்டேன்.

மத்தியானம் காரைக்குடி செக்காலைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு லேத் பட்டறை. அதை நடத்திய பாய்க்கு என்னைவிட ஓரிரு வயது அதிகம் இருக்கலாம். பேரிங் வாங்க வந்தபோது பழக்கம். வேலை கேட்டேன்.

"தாரேன், நாளைக்கே வா. அரம் பிடிக்க ஆளு வேணும்" என்றார். பிறகு, "ஆச்சி வீட்டுக் காரு என்னாச்சு?" என்று கேட்டார்.

"நின்னுருச்சு. பழைய இன்ஜின்."

"தட்டுற சத்தம் வந்து நின்னுச்சா?"

"ஆமா."

"மூடியெல்லாம் அதது இடத்துலதான போட்ட?"

"ஆமா."

பாய் லேத்தை நிறுத்தினார். "முத ஆமாக்கும் ரெண்டாவது ஆமாக்கும் எம்புட்டு வித்தியாசம்" என்று சிரித்தார். "நாளைக்கு இங்க எதையாச்சும் ஒடச்சுட்டு, லேத்துக்கு வயசாயிருச்சு பாய்ம்ப. அப்பறம் நான் என்ன செய்ய? இதை எடைக்குப் போடுறதா?"

எனக்குச் சுரீர் என்றது. வேலை போய்விடுமே என்பதற்காக அல்ல. வெள்ளிக்கிழமை தராசில் ஏறப்போகும் கார் ஞாபகம் வந்தது. செத்தது இன்ஜின் இல்லை. நான் அதைக் கொன்றுவிட்டு, தானாகச் செத்தது என்று சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"கலந்து போன மூடிய எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு ராடுலயும் ஒவ்வொண்ணா வச்சு முறுக்கிப் பாரு. சேருற எடத்துல நகத்தால தடவு. எதுல நகம் தட்டலையோ அதுதான் ஜோடி. அரம் பிடிக்க வாரியா, இல்லையா?"

"இல்ல பாய்" என்றேன். வந்த வழியே நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆச்சி முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பஸ்ஸு கெடைக்கலையா?"

"நான் சொன்னது பொய் ஆச்சி. இன்ஜின் நல்ல இன்ஜின். நாலு மூடியவும் நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"நாங்க தேச்சு அடுக்குனமே, அதுனாலயா?"

"தேச்சது தப்பில்ல. நான் அடையாளம் போடாம கழட்டுனேன். நீங்க காட்டுனப்பவே கலந்துருச்சுன்னு தெரியும். வாயத் தொறக்கல."

ஆச்சி பக்கத்தில் கிடந்த டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சொந்தக்காரர் பேரின் இரண்டு எழுத்து வெட்டியிருந்தது.

"பங்காளிக அம்புட்டுப் பேரு பாத்திரமும் ஒண்ணாத்தான் அடுப்புக்குப் போகுது. ஒரு கரண்டி மாறுனதில்ல. நீ என்னடான்னா எட்டு வருசமா நின்ன வண்டிய அம்மணமாக் கழட்டி வச்சுருக்க. டம்ளருக்கு உள்ள மரியாதகூட இல்லையா அதுக்கு?"

"இல்லாமப் போச்சு. இப்ப போடுறேன். மறுபடி பிரிச்சுப் பூட்டித் தாரேன். சம்பளம் வேணாம்."

"உனக்குக் கழட்டத்தான் தெரியும்னு ஒரு மேஸ்திரி சொன்னதா வந்தன்னைக்கு நீதான சொன்ன?"

"அவரு சொல்லிட்டுப் போகட்டும். உங்க கொழுந்தனார்ட்ட நானே பேசுறேன்."

"நீ பேசி அவுக கேட்டுட்டாலும்" என்று முறத்தைக் கீழே வைத்தார் ஆச்சி. "வெள்ளிக்கிழமை வரட்டும். வெறுங்கூட்ட எடை போடட்டும். இன்ஜின் எம் பூட்டுக்குள்ள இருக்கும்."

அந்த வீட்டில் அண்ணன் தம்பிகளுக்குத் தனித்தனி அறை உண்டு; மலேயாவிலிருந்த கணவரின் அறைச் சாவி ஆச்சியிடம். ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு. ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடமாட்டார். கொழுந்தனாரும் தொடமுடியாது.

வெள்ளிக்கிழமை வந்த இரும்புக் கடைக்காரர் வெறுங்கூடு வேண்டாமென்று போய்விட்டார். அந்தக் கார் பிறகு ஓடியது. திருப்பத்தூர்ப் பட்டறை வாசலில் நிறுத்தித் தேவையில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்திருக்கிறேன். அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

அதெல்லாம் பிறகு. நான் திரும்பி வந்த மறுநாள் விடிந்ததும் இன்ஜினைப் பிரித்து ஆச்சியின் அறைக்குள் தூக்கிப் போனேன். இந்த முறை ஆளுக்கு ஒரு மூடி கேட்டு நான்கு ராடுகளும் என் முன் கிடந்தன. வைத்தேன், முறுக்கினேன், நகத்தால் தடவினேன், கழற்றினேன். வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்தபோது முதல் ஜோடி நகத்துக்குத் தட்டாமல் வழுக்கியது.

பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர் விட்டுப்போன சிற்றுளியை ஆச்சி கொண்டுவந்து கொடுத்தார். ராடிலும் மூடியிலும் 'ஒன்று' என்று வெட்டினேன்.

"அதோட நிறுத்தாத. பக்கத்துல எம் பேரையும் வெட்டு" என்றார்.

"உங்க வீட்டு அய்யா பேரையா ஆச்சி?"

"எம் பேருன்னேன்."

உளியைத் துடைத்து, மறுபடி வைத்து, ஆச்சி பேரின் முதல் எழுத்தை வெட்ட ஆரம்பித்தேன்.